சாலோமி வாங்காத கலர் இ-ரீடர்

1

இந்தக் கதை என் பொய் ஒன்றிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘குறைந்த விலையில் கலர் இ-ரீடர்: எதை வாங்கலாம்?’ என்று ஓர் இணையதளத்தில் நான்கு கருவிகளை ஒப்பிட்டு எழுதியவன் நான். நான்கில் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. பாளையங்கோட்டையில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து, கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் போட்டிருந்ததை என் தமிழில் திருப்பி எழுதினேன். ‘கொளுத்தும் வெயிலிலும் வண்ணங்கள் கண்ணைப் பறிக்கும்’ என்ற வரி மட்டும் என் சொந்தச் சரக்கு.

அந்த வரியை நம்பியவள் சாலோமி.

2

‘தாமிரபரணிக் கரையில் நெற்பயிர் தங்கம்போல மின்ன...’

(இதை விட்டுவிட்டேன். பயிர் பொன்னிறமாக இருந்ததுதான் அவளுக்கு வினையே.)

சாலோமி, சேரன்மகாதேவிப் பக்கம் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பவள். வாழையிலிருந்து நெல்லுக்கு மாற்றப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. போன பிசானப் பருவத்தில் ஒரு நாள் உச்சிவெயிலில் இசக்கிதுரையின் வயலில் நின்றாள். பயிர் மஞ்சளித்துக் கிடந்தது. தழைச்சத்துக் குறை என்றால் வெளிர் மஞ்சள். யூரியா போட்டால் தேறிவிடும். துங்ரோ என்ற நோய் என்றால் ஆரஞ்சு ஏறிய மஞ்சள். யூரியா போட்டால் இன்னும் கெடும். ஒப்பிட்டுப் பார்க்கப் படம் போனில் இருந்தது. வெயிலில் போனில் தெரிந்ததோ அவள் முகம்தான்.

“யூரியா போடுங்க” என்றாள்.

அது துங்ரோ. முக்கால் ஏக்கர் பதராகிப் போனது. இசக்கிதுரை திட்டவில்லை. அடுத்த முறை அவள் போனபோது “வாங்க” என்று சொல்லவுமில்லை. அதுதான் அவளை அரித்தது.

3

வெயிலில் தெரியும் திரை, வண்ணத்தோடு வேண்டும். என் கட்டுரையைப் படித்துவிட்டு நெல்லை டவுணில் மந்திரமூர்த்தி அண்ணாச்சி கடைக்குப் போனாள். அவர் கண்ணாடி மேசைமேல் இரண்டு கருவிகளை வைத்தார். சாலோமி தன் பயிர்ப்படங்களை இரண்டிலும் ஏற்றச் சொன்னாள். கடைக்குள் இரண்டிலும் அழகாகத்தான் தெரிந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“யம்மா! வெளிய கொண்டு போவக்கூடாது!”

“வீட்டுக்குள்ள வச்சுப் பாக்கவா அண்ணாச்சி வாங்குதேன்?”

ரதவீதி வெயிலில் முதல் கருவி இருண்டது. ‘காகிதம் போன்ற திரை’ என்று நான் புகழ்ந்தது, சாதாரணத் திரைமேல் ஒட்டிய சொரசொரப்புத் தாள். இரண்டாவது உண்மையான மின்-மைத் திரை, அதாவது இ-இங்க். எழுத்து துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் வண்ணம் சலவையில் வெளுத்த துணிபோல. இரண்டு மஞ்சளும் ஒரே அழுக்கு நிறம்.

“விமர்சனத்துல நல்லாத்தானம்மா போட்டிருக்கான்” என்றார் அண்ணாச்சி.

“அவன் நம்பரத்தான் தேடப் போறேன்.”

4

தேடிப் பிடித்தாள். எங்கள் பேச்சை அப்படியே தருகிறேன். (என் பதில்களைக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக மாற்றி எழுதிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, அழித்துவிட்டேன்.)

“நாலுல எத வெயில்ல வச்சுப் பாத்தீய?”

“அது வந்து...”

“எதத் தொட்டாவது பாத்தீய?”

“எல்லாரும் இப்படித்தாங்க எழுதுறோம்.”

“எல்லாரும் எழுதுதீய. ஒருத்தன் வயல்ல போயி நிக்கது நானுல்லா? தெரியலன்னா தெரியலன்னு எழுத உங்க கை கூசுதோ?”

அந்த ‘கொளுத்தும் வெயில்’ வரியை நீக்கச் சொல்லித் தளத்துக்காரரிடம் கேட்டேன். “நல்லா ஓடுற கட்டுரை, கை வைக்காதீங்க” என்றார். இன்றும் தேடினால் அதுதான் முதலில் வரும். எனக்கும் கோபம் வருகிறது. வந்து என்ன, அடியில் இருப்பது என் பெயர்.

5

பிராயச்சித்தமாக இந்தக் கதையை எழுதி அவளிடம் காட்டினேன். அதில் முடிவு இப்படி: சாலோமி கருவியே வாங்காமல், இரண்டு வகை இலைகளையும் ஒரு நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறாள்; வெயிலில் நிறம் துலங்குகிறது; இசக்கிதுரை சிரிக்கிறார்.

படித்துவிட்டு, கதை எழுதிய நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

“பறிச்ச எல ரெண்டு நாள்ல காஞ்சு பழுப்பாயிரும். கதையிலயும் பாக்காமத்தான் எழுதுதீயளா?”

இன்னொரு முடிவும் வைத்திருந்தேன்: விலை கூடிய கருவி ஒன்றை அவள்... (அதையும் நான் பார்த்ததில்லை. நிறுத்திவிட்டேன்.)

அப்போது அவள் போன் அடித்தது. இசக்கிதுரை. கார் பருவத்து நடவு, நாற்பது நாள் பயிர்.

“யம்மா, இந்தத் தடவையும் மஞ்சளா இருக்கு. ஒரு எட்டு வாங்க.”

அவள் என்னைப் பார்த்தாள். “நீங்களும் வாங்க. தெரியட்டும்.”

அவள் ஸ்கூட்டியின் பின்னால் என் பைக்கில் போனேன். உச்சிவெயில். வரப்பில் நின்று மூவரும் பார்த்தோம். காய்ந்த நுனியா, நிறம் மாறிய இலையா, எனக்கு விளங்கவில்லை. சாலோமி குனிந்து ஓர் இலையை விரலிடுக்கில் நீவி, வெகுநேரம் பார்த்தாள்.

“என்னம்மா, யூரியா போடட்டுமா?”

அவள் சொன்ன பதிலை நான் கேட்டேன். எழுத மாட்டேன். எழுதினால், ஒரு வயலையும் பாராமல் அதை நீங்கள் நம்பிவிடுவீர்கள். சேரன்மகாதேவிக்கு டவுணிலிருந்து பஸ் இருக்கிறது. மத்தியானமாகப் போய் இறங்குங்கள். இலையைக் கையில் பிடித்துப் பாருங்கள். பிறகு இந்த இடத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

“.......................”