முதல் தரம்

அந்தச் சிப்பாய் புதுச் சட்டையை மேசைமேல் போட்டுப் பெயர் தைத்துத் தரச் சொன்னபோது நான் உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி இன்சோப் மிஷினில் உட்கார்ந்திருந்தான். எங்கள் கடையில் நாள் முழுக்க நடக்கிற வேலைதான் அது. எல்லையோர ஊரான எங்கள் யாங்குவில் பாதிக் கடைகள் பட்டாளத்தை நம்பித்தான் திறந்திருக்கின்றன. வயது வந்த பையன்கள் எல்லாரும் கொஞ்ச காலம் பட்டாளத்தில் இருந்தே ஆக வேண்டிய நாடு இது. விடுப்பில் இறங்குகிற பையன்கள் முதலில் எங்களிடம் வந்து சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்து வாங்கிக்கொள்வார்கள், பிறகுதான் கறி சுட்டுத் தருகிற சாப்பாட்டுக் கடைக்கும் கணினி விளையாட்டுக் கடைக்கும் போவார்கள். பெயரைக் கேட்டு, அதை மார்பில் பதிக்கிற துணிப்பட்டையில் நூலால் எழுதித் தைத்துக் கொடுப்போம். அன்று அந்தப் பையன் சொன்ன பெயர் ஹான் சங்ஹுன்.

நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டேன். மிஷின் ஓடத் தொடங்கியது. இன்சோப் அந்தப் பெயரைப் பிசிறில்லாமல் தைத்தான். நூலை வெட்டினான். சட்டையை மடித்து இரண்டு கையாலும் அந்தப் பையனிடம் நீட்டினான். பிறகு எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக் குழாயைத் திறந்துவிட்டான். கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து கடைக்குள் வரும்வரை அவன் வெளியே வரவில்லை. அப்பா வந்து கொண்டியைப் பெயர்த்தபோது, உடுத்திய துணியோடு ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தான். வலது கை இடது கையைப் பிடித்திருந்தது. அந்த இடது கை வேறு யாருடையதோ என்பதுபோல, அதை விட்டால் எங்கோ விழுந்துவிடும் என்பதுபோல.

"எல்லாரும் போயிட்டு வந்தவங்கதான்டா. உனக்கு மட்டும் என்ன வந்துச்சு? மனசுல உறுதி இல்லாதவன்," என்றார் அப்பா. அந்தச் சிப்பாய் கேட்கும்படியாகவே சொன்னார். பிறகு திரும்பி, தன் மகனைவிடச் சின்னவனான அந்தப் பையனிடம் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். நான் துடைப்பத்தால் தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். அப்பா அப்படிக் குனிந்ததைப் பார்த்தபோது அந்தத் துடைப்பத்தைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

தம்பி லாரி ஓட்டுகிறவனாகப் பட்டாளத்தில் இருந்தான். மலைத்தொடரின் அந்தப் பக்கத்தில், உச்சியில் இருந்த காவல் நிலைகளுக்கு அரிசியும் தண்ணீரும் ஏற்றிப்போகும் வேலை. பனி கொட்டிய ஒரு காலையில், பனியில் சறுக்காமலிருக்கச் சக்கரத்துக்குக் கட்டுகிற சங்கிலி அறுந்திருக்கிறது, வேறு சங்கிலி வந்த பிறகு போகிறேன் என்று அதிகாரியிடம் சொல்லியிருக்கிறான். அன்று மதியம் மேலதிகாரி ஒருவர் உச்சிக்கு வருவதாக இருந்தது. அவர் வரும்போது மேலே சூடான சோறு இல்லாவிட்டால் எப்படி? கம்பியை வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பு என்று உத்தரவு. மூன்றாவது வளைவில் லாரி சறுக்கி ஓடைக்குள் உருண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பெயரும் ஹான் சங்ஹுன். பட்டாளத்துக்கு வந்து ஒரு பருவம்கூட முடியாதவன். நசுங்கிய கதவுக்கும் பாறைக்கும் நடுவே அவன் மாட்டிக்கொண்டான். வெளியே நீட்டியிருந்த கையை மட்டும்தான் தம்பியால் எட்ட முடிந்தது. ஆட்கள் கயிறு கட்டி இறங்கி வரும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். பேச்சுக்குப் பதில் எப்போது நின்றது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை.

விசாரணையில் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். சங்கிலியைப் பற்றி யாரும் பேசவில்லை. உத்தரவு போட்ட அதிகாரிக்கு அடுத்த வசந்தத்தில் பதவி உயர்வு. தம்பியை மீதிக் காலம் முழுக்கச் சமையலறையில் பாத்திரம் தேய்க்க வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த நாளில் காரமாகப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் கிம்ச்சி போட்டுச் சூடாகக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டான், சிரித்தான். நான் ஏமாந்தேன். பனி விழத் தொடங்கியதும் அவன் தூக்கம் போனது. சங்கிலி கட்டிய வண்டி தெருவில் போனால் எழுந்து தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டான். அப்பா அதைச் சோம்பேறித்தனம் என்றார், பிறகு செல்லம் என்றார், அம்மா இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்க மாட்டான் என்றார். அம்மா இல்லாததைக்கூட அவன் குற்றம்போலத்தான் சொன்னார்.

குளியலறைச் சம்பவத்துக்குப் பிறகு அப்பாவைக் கேட்காமலே அவனைப் பக்கத்து நகரத்து மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் அவசரப்படாமல் கேட்டார். இது பட்டாளத்தில் வந்த காயம், கால் உடைந்தால் எப்படியோ அப்படி, சிகிச்சையை அரசாங்கம்தான் ஏற்க வேண்டும், மனுக் கொடுங்கள் என்றார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது தம்பி என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ நான் கோழை இல்லையாக்கா?"

அவனுக்கு அந்தச் சந்தேகத்தைக் கொடுத்தவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

மனுவைப் பற்றித் தெரிந்ததும் அப்பா கடைக் கதவைச் சாத்திவிட்டு என்னோடு சண்டை போட்டார். மனநோய் என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும், எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள் என்றார். அதைவிட அவரை உலுக்கியது வேறு. பட்டாளத்தின்மேல் புகார் கொடுத்துவிட்டு, அதே பட்டாளத்தின் சட்டையைத் தேய்த்துப் பிழைக்க முடியுமா? நான் வாயை மூடவில்லை. எப்படியும் போகத்தான் போகிறோம் என்றேன். கடைசியில், தானும் வருவதாகச் சொன்னார். எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் முன்னால் குனிந்து, பையன் ஏதோ புரியாமல் செய்துவிட்டான் என்று சொல்லிப் பிரச்சினையை ஊதி அணைக்க வருகிறார்.

விசாரணை நாளன்று அப்பா, அம்மாவின் சாவுக்கு எடுத்த கருப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டார். பேருந்து ஒவ்வொரு சுரங்கப்பாதைக்குள் நுழையும்போதும் தம்பி முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். சுரங்கத்துக்குள் ஜன்னலில் என்ன தெரியும்? பக்கத்தில் இருப்பவனின் முகம்தான் தெரியும்.

மனுவை விசாரிக்கிற நகரத்து அலுவலகத்தில் நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் இருந்தவர் முன்னாள் அதிகாரி என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. மருத்துவரின் சான்றை நான் கொடுத்தேன். அவர் அதைத் தொடவில்லை. சின்ன வயதில் படுக்கையில் சிறுநீர் கழித்ததுண்டா என்று தம்பியைக் கேட்டார். அம்மா இறந்தபோது எவ்வளவு நாள் அழுதாய் என்று கேட்டார். பள்ளியில் நண்பர்கள் குறைவா என்று கேட்டார். ஓடையைப் பற்றியோ சங்கிலியைப் பற்றியோ ஒரு கேள்வியும் இல்லை. தம்பி எல்லாவற்றுக்கும் எழுந்து நின்று, பட்டாளத்தில் பழக்கிய குரலில் பதில் சொன்னான். முதுகெல்லாம் வியர்வை. உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தபோது, குடும்பத்தினர் கேட்டால் மட்டும் பேசினால் போதும் என்றார்கள்.

முடிவில் நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமே இல்லாமல், வீட்டுப் பையனுக்குப் புத்தி சொல்கிற மாதிரி பேசினார்.

"தம்பி, நாங்க எல்லாரும் போயிட்டு வந்தவங்கதான். எங்க காலத்துல இதவிட மோசமா இருந்துச்சு. விபத்து எங்கயும் நடக்கும். உனக்கு மட்டும் ஏன் இப்படி? மனசுல உறுதி வேணும்."

அப்பா எழுந்தார். இதோ குனியப் போகிறார் என்று நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். யாரோ கன்னத்தில் அறைந்துவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

"அந்த வார்த்தைய இவன்கிட்ட தினமும் நான் சொல்லியிருக்கேன்," என்றார். "அடுத்தவன் வாயால கேக்கும்போதுதான் அது என்ன வார்த்தைன்னு தெரியுது."

அமைதியாக உட்காரும்படி ஓரத்தில் இருந்த பெண் சொன்னார். அப்பா உட்காரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"இவன எடுக்கும்போது உங்க டாக்டருங்க கண்ணு, பல்லு, மனசு எல்லாத்தையும் சோதிச்சாங்க. முதல் தரம்னு எழுதிக் கொடுத்தீங்க. நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன், எம் பையன் முதல் தரம்னு. என் கையாலதான் தலைமுடி வெட்டி பஸ் ஏத்தி விட்டேன். போறப்போ முதல் தரமா இருந்தவன், வர்றப்போ மட்டும் எப்படிங்க பிறவிலயே கோளாறு ஆனான்? நடுவுல அவன் உங்ககிட்டதானே இருந்தான்?"

நடுவில் இருந்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த மனுவைக் கூப்பிடச் சொன்னார். அப்பா தம்பியின் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருடா," என்றார். அவன் உட்கார்ந்தான். காவலாளி வந்து நிற்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மனு தள்ளுபடியானது என்று பிறகு தகவல் வந்தது. காரணம், இயல்பிலேயே இருந்த பலவீனம். அது வருமென்று அன்றே ஒருவர் எங்களிடம் சொல்லியிருந்தார். பெக் துஷிக் என்று பெயர், நாற்பதை நெருங்குகிறவர், வெளித் தாழ்வாரத்தில் தன் முறைக்காகக் காத்திருந்தார். அவருக்கும் பட்டாளத்தில் வந்த காயம்தான், அது மூன்றாவது மனு. அதே நகரத்தில் பொரித்த கோழிக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். தம்பியின் கையில் நடுக்கத்தைப் பார்த்தவர், எதுவும் கேட்காமல் ஒரு காகிதக் குவளையில் காபியை அரைவாசி மட்டும் ஊற்றிக் கொடுத்தார்.

"முழுசா ஊத்தினா நமக்குக் கொட்டிடும்," என்று சிரித்தார். "இந்த ரூமுக்குள்ள போயி ஜெயிச்சு வந்தவன நான் பாத்ததில்ல தம்பி. ஆனா இந்த வராந்தாவுல நிறைய நல்ல ஆளுங்களப் பாத்திருக்கேன். திங்கக்கிழமை எனக்குக் கடை லீவு. மாடியில நம்மள மாதிரி ஏழெட்டுப் பேரு உக்காந்திருப்போம். பேசணும்னு இல்ல. கோழி ஓசி."

தம்பி போனான். முதல் சில வாரங்கள் படிக்கட்டுவரை போய்த் திரும்பிவிட்டான். துஷிக் அதற்காகப் போன் செய்து ஒன்றும் சொல்லவில்லை, ஒரு கோழிப் பொட்டலத்தைக் கீழ்ப்படியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாராம். பிறகு ஒரு திங்கட்கிழமை தம்பி மேலே ஏறியிருக்கிறான். அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்குப் பதிலாக ஒருவர் மின்விசிறியைப் போட்டுக்கொள்கிறார், ஒருவர் நாய் வளர்க்கிறார், ஒருவர் இன்னும் வீட்டுக் கதவை மூன்று முறை பூட்டுகிறார் என்று அவனாகச் சொன்னதுதான் எனக்குத் தெரியும். மருத்துவருக்கு நாங்களே பணம் கட்டுகிறோம். மாத்திரை போட்டால் தூங்குகிறான். எல்லா நாளும் இல்லை.

ஊரில் செய்தி பரவியது. ஒரு முகாமிலிருந்து மொத்தமாகச் சட்டை அனுப்பிக்கொண்டிருந்த சார்ஜென்ட், எதிர்த் தெருவில் இருக்கும் கடைக்கு மாறினார். சந்தையில் சிலர் அப்பாவிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அவர் தம்பியிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாத மனிதர். ஆனால் கறிச் சாப்பாட்டுக் கடையில் ஒருவன், உங்க பையனுக்குத் தலைல ஏதோ சரியில்லையாமே என்று கேட்டபோது, கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா. பட்டாளத்துல அடிபட்டுச்சு," என்றாராம். கால் உடைந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாராம். மனுவை மறுபடி போடலாமா என்று என்னிடம் கேட்டதும் அவர்தான்.

போன வாரம் இந்த ஆண்டின் முதல் பெரிய பனி. பிற்பகலில் தெரு வெளுத்துக் கிடந்தது. கடையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். தம்பி பொத்தான்களைப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். மலைப்பக்கச் சாலையிலிருந்து பட்டாள லாரிகள் வரிசையாக இறங்கி வரும் சத்தம் கேட்டது. சங்கிலிகள் தார்ச்சாலையைக் கொத்திக்கொண்டு வந்தன. தம்பியின் விரல்களுக்கு நடுவே ஒரு பொத்தான் அப்படியே நின்றுவிட்டது. குளியலறையைப் பார்த்தான். நான் எழப் போனேன்.

எனக்கு முன்னால் அப்பா எழுந்து மிஷினில் போய் உட்கார்ந்தார். நூல் கோக்கவில்லை, துணி வைக்கவில்லை. மிதியை அழுத்தினார். ஊசி வெறுமனே ஏறி இறங்கியது. இன்னும் அழுத்தினார். பழைய மிஷின் மேசையோடு சேர்ந்து அதிர்ந்தது, சுவரில் தொங்கிய சட்டைகள் ஆடின, சங்கிலிச் சத்தம் அதற்குள் அமுங்கிப்போனது. வெளியே லாரிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வாயசைப்பு மட்டும் தெரிகிற ஆட்களைப் போல. அப்பா தெருவைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. காதுவரை சிவந்து, ஊசி முனையையே முறைத்தபடி மிதித்துக்கொண்டிருந்தார். தம்பி நாற்காலியை அவர் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துப் போட்டு, அதிர்கிற மேசைமேல் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொண்டான்.