எட்டேகால் பஸ்ஸில் வரும் காலை

கீழக்கொன்றை ஊராட்சிக்குக் காலைப் பொழுது எட்டேகால் பஸ்ஸில் வரும். மேலக்கொன்றைக்காரர்கள் பயன்படுத்தி முடித்து, மடித்து, சாக்கில் போட்டு, டிரைவர் பக்கத்துப் பானெட்டின் மேல் வைத்து அனுப்புவார்கள். இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே காலைதான் என்று ஒன்றிய அலுவலகத்தில் என்றைக்கோ உத்தரவு போட்டிருக்கிறார்கள். முதல் உபயோகம் மேலக்கொன்றை, இரண்டாம் உபயோகம் கீழக்கொன்றை. உத்தரவின் நகல் ஊராட்சி அலுவலகத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது.

இரவு எல்லா ஊரிலும் போல ஐந்தரைக்கு முடிந்துவிடும். ஐந்தரையிலிருந்து எட்டேகால் வரை கீழக்கொன்றையில் பொழுது என்று ஒன்றும் கிடையாது. அதற்காக யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. பல் துலக்குகிறார்கள், மாடு கறக்கிறார்கள், கோலம் போடுகிறார்கள். ஒன்றும் இல்லாத நேரத்தில் போடுகிற கோலம் என்பதால் புள்ளிகள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். பஸ் வந்ததும் கிளார்க் திருமேனி சாக்கை இறக்குவார். தூய்மைப் பணியாளர் செல்லக்கண்ணு ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அலுவலக வாசலில் வைத்து இரண்டு பேருமாக உதறி விரிப்பார்கள். வானத்தில் மடிப்புக் கோடுகள் பத்து மணி வரை தெரியும். பிறகு திருமேனி உள்ளே போய்ப் பதிவேட்டில் எழுதுவார். 'பனி: இல்லை. சேவல்: ஒன்று, தொண்டை கட்டியது. குயில்: பாதிக் கூவல். செவ்வானம்: ஓரத்தில் மட்டும்.' அதற்குக் கீழே தலைவர் கையெழுத்துப் போட வேண்டும்.

தலைவர் பூரணம். பதவிக்கு வந்து நாலரை வருஷமாகிறது. தினமும் கையெழுத்துப் போட்டாள், தினமும் வயிறு எரிந்தாள். காரணம் இல்லாமல் இல்லை. மேலக்கொன்றையின் தலைவர் சௌந்தரம், பூரணத்தின் கூடப்பிறந்த அக்கா.

பூரணம் பிறந்ததிலிருந்து புதுசு என்று ஒன்றைக் கண்டதில்லை. அக்காவுக்குச் சின்னதாகிப்போன பாவாடைதான் அவளுக்குத் தீபாவளிப் பாவாடை. அக்கா படித்த பூகோளப் புத்தகத்தில் எல்லா ஆற்றுக்கும் அக்காவே நீல மை தீட்டி வைத்திருந்தாள். தங்கைக்கு ஒரு ஓடைகூட மிச்சமில்லை. சைக்கிளின் சீட்டு அக்காவின் உடம்புக்கு ஏற்றமாதிரி ஒருபக்கம் அமுங்கிப் போயிருந்தது. பூரணம் இன்றைக்கும் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்துதான் உட்காருவாள். கட்டிக்கொடுக்கும்போது அக்காவை மேலக்கொன்றையிலும் தங்கையைக் கீழக்கொன்றையிலும் கொடுத்தார்கள். அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஊரே பாராட்டியது. கல்யாணமான மறுநாள் எட்டேகாலுக்குச் சாக்கை உதறியபோதுதான், இனிமேல் காலையும் அக்கா உடுத்திக் கழித்ததுதான் என்று பூரணத்துக்குத் தெரிந்தது.

அதிலும் அந்தச் சுக்குக் காப்பி வாசனை. சாக்கை உதறும்போதெல்லாம் மடிப்புக்குள்ளிருந்து அக்கா வீட்டுச் சுக்குக் காப்பி வாசனை வரும். வேண்டுமென்றே வைத்து அனுப்புகிறாள் என்பதில் பூரணத்துக்குச் சந்தேகமே கிடையாது.

"அந்த வாசனையையும் எழுதுங்க கிளார்க்கு."

"அதுக்குப் பதிவேட்டுல கட்டம் இல்லீங்கம்மா" என்பார் திருமேனி.

இதையெல்லாம்கூட ஒருமாதிரி சகித்துக்கொண்டுவிட்டாள். சகிக்க முடியாதது ஆகஸ்டு பதினைந்து. மேலக்கொன்றையில் ஏழு மணிக்கே சௌந்தரம் கொடியேற்றிவிடுவாள். ஊர் திரண்டு நின்று ஓயாமல் கைதட்டும். அதோடு அந்தக் காலையில் இருந்த கைதட்டல் தீர்ந்துபோகும். கீழக்கொன்றையில் ஒன்பது மணிக்குப் பூரணம் கயிற்றை இழுப்பாள், கொடி விரியும், பூ உதிரும். ஜனங்கள் மனசாரத்தான் தட்டுவார்கள். கையோடு கை சேரும், சத்தம் மட்டும் வராது. தட்டி முடித்துவிட்டுக் கையை இறக்கி மிட்டாய் வாங்கிக்கொள்வார்கள். மிட்டாய் இனிக்கும். இனிப்பு காலையைச் சேர்ந்த பொருள் அல்ல என்பதால் அதில் மேலக்கொன்றைக்குப் பங்கு இல்லை.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. வரப்போவது ஐந்தாவது, பதவிக்காலத்தின் கடைசி ஆகஸ்டு பதினைந்து. அடுத்த தேர்தலில் கீழக்கொன்றை யாருக்கு ஒதுக்கீடாகுமோ தெரியாது. தெருக்குழாய் போட்டது, ஊருணியைத் தூர்வாரியது, சுடுகாட்டுக்குப் பாதை வாங்கியது எல்லாம் பூரணம்தான். அதற்குத் தனக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஊர் கைதட்டுகிற சத்தத்தைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அக்கா நாலு தடவை கேட்டுவிட்டாள் என்பது நினைப்புக்கு வரும்போதெல்லாம் சோறு இறங்கவில்லை.

மனு எழுதிக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனாள். பி.டி.ஓ. படித்துப் பார்த்தார்.

"ஒரு நாள் முறை மாத்தணும், அவ்வளவுதானேம்மா? விதியில இடம் இருக்கு. முதல் உபயோக ஊராட்சிகிட்ட தடையின்மைச் சான்று வாங்கிட்டு வந்துருங்க" என்றார்.

"வேற வழி இல்லீங்களா?"

"வேற வழின்னா அந்த அம்மாவே இங்க நேர்ல வரணும்."

அக்கா படியேறி வந்து அத்தனை பேர் முன்னால் பெருந்தன்மையாகச் சிரிப்பதைவிடத் தானே போய்க் கேட்பது மேல் என்று பூரணம் முடிவுசெய்தாள். மறுநாள் ஐந்தரைக்கு இரவு முடிந்ததும் கிளம்பி, ஒன்றும் இல்லாத நேரத்தில் நடந்து, வாய்க்கால் பாலத்துக்கு வந்தாள். பாலத்தின் நடுவில் எல்லைக்கல். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, அந்தப் பக்கம் காலை. தாண்டிக் கால் வைத்ததும் பாதம் நனைந்தது. அவ்வளவு பனி.

குயில் கூவியது. பூரணம் நின்றுவிட்டாள். அந்தக் கூவல் மேலே மேலே ஏறி உச்சியில் போய் முடிவது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கீழக்கொன்றைக்கு வருவது நடுவில் அறுந்த கூவல். இங்கே எருமையின் முதுகில்கூடப் பனி இருந்தது. டீக்கடை வாசலில் ஒரு மனிதர் முழுச் செவ்வானத்துக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஓர் அறை வைக்கலாமா என்று இருந்தது பூரணத்துக்கு. வெளியூரில் வந்து தலைவர் அப்படிச் செய்யக் கூடாது என்பதால் நடந்தாள்.

சௌந்தரம் வாசலில் நாற்காலி போட்டுச் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாடி பூரணம். என்ன இவ்வளவு வெள்ளன வந்திருக்கே?"

"எங்க ஊர்ல வெள்ளனன்னு ஒண்ணு கிடையாதுக்கா."

சௌந்தரம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பூரணம் நீட்டிய சான்றுத் தாளை வாங்கிப் படித்தாள். "ஒரு நாள்தானே, எடுத்துக்கிட்டுப் போயேன். இதுக்குப் போயி மனுவா, பி.டி.ஓ.வா? நான் எதைத்தான் உனக்குக் குடுக்காம இருந்தேன்?" என்றவள், கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டு, மையை ஊதிக் கொடுத்தாள். "திரும்பற பஸ்ல மறக்காம அனுப்பிரு. நான் ஒம்பதுக்குக் கொடியேத்தணும்."

தரமாட்டேன் போ என்று சொல்லியிருந்தால்கூடப் பூரணத்துக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுக்க முடிகிறதென்றால், அக்காவிடம் எவ்வளவு இருக்க வேண்டும். காப்பி கொடுத்தாள், பூரணம் குடிக்கவில்லை.

உத்தரவு வந்ததும் வேலைகள் மளமளவென்று நடந்தன. கீழக்கொன்றையின் கிழக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், நாற்பது வருஷமாகத் திறக்காமல் கிடந்தது. சாவி மோட்டார் ரூம் சாவிகளோடு சேர்ந்து கிடந்ததைத் திருமேனி தேடி எடுத்தார். செல்லக்கண்ணு அதன் துருப்பிடித்த கீல்களில் இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார். அதுவரை மூன்று திசைகளே சொல்லிக்கொடுத்து வந்த தலைமையாசிரியர் நாலாவதையும் கரும்பலகையில் எழுதிப் போட்டார்.

பதினைந்தாம் தேதி கிழக்கு ஒரே தள்ளில் திறந்தது. மடிப்பே இல்லாத காலை. பனியை ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்து முகத்தில் ஒற்றிக்கொண்டார்கள். ஏழு மணிக்குப் பூரணம் பட்டுப்புடவை கட்டி வந்து கயிற்றை இழுத்தாள். கொடி விரிந்தது, பூ உதிர்ந்தது. கயிற்றை விட்டுவிட்டு நெற்றிக்குக் கை கொண்டுபோய் நிமிர்ந்து நின்றாள். ஊர் கைதட்டியது.

சத்தம் வந்தது. பள்ளிக்கூடத்துச் சுவரில் மோதித் திரும்பியும் வந்தது. பூரணத்துக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. நாற்பது வருஷமாகச் சத்தமில்லாமல் தட்டிய கைகள் என்பதால் ஒவ்வொன்றிலும் நல்ல பழக்கம் இருந்தது.

தட்டி முடிந்ததும் திருமேனி பக்கத்தில் வந்தார். "கைதட்டல் கால்வாசிதாங்கம்மா ஆகியிருக்கு. மிச்சத்தை மடிச்சிரலாமா?"

மிச்சம் முக்கால்வாசி. அது பஸ்ஸேறிப் போய் அக்காவுக்குத் தட்டும். ஐந்தாவது தடவை. பூரணம் மைக்கை வாங்கினாள்.

"இன்னும் தட்டுங்க" என்றாள்.

கொடிக்கு ஒருமுறை தட்டினார்கள். மேல்நிலைத் தொட்டிக்குத் தட்டினார்கள். வார்டு உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லித் தட்டினார்கள். நூறு நாள் வேலைக்காரர்களுக்கு, புதுக் குப்பை வண்டிக்கு, போன வருஷம் தண்ணீர் வராமல் மூடிய ஆழ்துளைக் கிணற்றுக்கு. கடைசியில் எதற்கென்று சொல்லாமலே தட்டினார்கள். சத்தம் மெலிந்து மெலிந்து, சருகு உரசுகிற அளவுக்கு வந்து, நின்றுபோயிற்று. பூரணம் செல்லக்கண்ணுவைக் கூப்பிட்டு ஒருதரம் தட்டிப் பார்க்கச் சொன்னாள். அவர் ஓங்கித் தட்டினார். ஒன்றும் வரவில்லை.

"சரி, இப்ப மடிங்க" என்றாள் பூரணம்.

சாக்கு காற்றாக இருந்தது. அதை வேறு யாரிடமும் கொடுத்துவிட அவளுக்கு மனமில்லை. தானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அக்காவின் முகத்தை நேரில் பார்க்க வேண்டும்.

மேலக்கொன்றையில் அலுவலக வாசலில் சாக்கை உதறி விரித்தார்கள். வானத்தில் மடிப்பு விழுந்திருந்தது. அந்த ஊர்க்காரர்கள் ஐந்தரையிலிருந்து ஒன்றும் இல்லாத நேரத்தில் இருந்து பழக்கமில்லாதவர்கள். ஒன்றிரண்டு பேர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தார்கள். பூரணத்துக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். சௌந்தரம் கயிற்றை இழுத்தாள். கொடி விரிந்தது, பூ உதிர்ந்தது. ஊர் கைதட்டியது. கையோடு கை சேர்ந்தது, அவ்வளவுதான்.

சௌந்தரம் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்றாள், காது கேட்காதவர்கள் சாய்ப்பதுபோல. அந்த முகத்தைத்தான் பார்க்க வந்தாள் பூரணம். நன்றாகப் பார்த்தாள். வயிறு குளிர்ந்தது.

அப்போதுதான் உள்ளங்கை குறுகுறுத்தது. காலையில் ஊரெல்லாம் தட்டியபோது பூரணம் தட்டவில்லை. கொடியேற்றியவள் தனக்குத் தானே தட்டிக்கொள்ள முடியுமா? கயிற்றில் இருந்த கை அப்புறம் நெற்றியில் இருந்தது, அப்புறம் மைக்கில் இருந்தது. அவளுடைய பங்கு அப்படியே கையில் இருந்தது. இரண்டு கையையும் சேர்த்தால் போதும், இந்த மைதானம் முழுக்க ஒரே ஒரு கைதட்டல் கேட்கும். அக்காவுக்குத் தேவையானது அது ஒன்றுதான்.

சௌந்தரத்துக்கும் அது தெரிந்துவிட்டது. கொடிக்கம்பத்தடியிலிருந்து அவள் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பூரணம் வலது கையை இறுக மூடி மடியில் வைத்து, அதன்மேல் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மிட்டாய் வந்தபோது இடது கையை நீட்டினாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் சௌந்தரம் கூடவே வந்தாள்.

"கையில வச்சிருக்கேல்ல?" என்றாள் சௌந்தரம்.

"ஆமா."

"தட்டியிருக்கலாம்."

"நீ நாலு வருஷத்துல ஒரு தடவையாவது எங்க ஊருக்கு வந்து தட்டினியாக்கா?"

"இல்ல" என்றாள் சௌந்தரம். குரலில் கூச்சம் எதுவும் இல்லை. "நாலும் பீரோவுல இருக்கு. பட்டுப்புடவைக்கு நடுவுல வச்சிருக்கேன், சத்தம் வராம."

பூரணம் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். அக்காவிடம் நாலு இருக்கிறது. நாலும் புதுசு, ஒன்றைக்கூட உபயோகிக்கவில்லை. தன்னிடம் ஒன்றே ஒன்று. சற்றுமுன் குளிர்ந்த வயிறு மறுபடி பற்றிக்கொண்டது.

பஸ் வந்தது. போய்வருகிறேன் என்று சொல்லாமலே ஏறினாள். கண்டக்டர் அவள் மூடிய கையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"பொம்பளைங்களுக்கு இலவசம்மா. கைக்குள்ள இருக்கறதுக்கு டிக்கெட் எடுக்கணும்."

படிக்கட்டுக் கம்பியில் சின்னப் பிள்ளைகளின் உயரம் பார்க்கக் கோடு போட்டிருந்த இடத்தில் அவள் கையை வைக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

"சன்னல் பக்கமா உக்கார வைங்க. இந்த ரூட்டுல சின்னதுங்களுக்கு வாந்தி வரும்" என்றார்.

பூரணம் சன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.