பாறையின் காது

கம்ப்யூட்டரில் கை வைக்காத புகைப்படங்களுக்கான போட்டி அது. நான் அனுப்பியது, ஏரி நடுவே வழுவழுப்பான பாறைமேல் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி. அசல் படத்தையும் கேட்டு வாங்கிய நடுவர், போனில் வெடித்தார்.

“யோவ், பாறைக்கு ரெண்டு காது இருக்கே!”

“குளிச்சிட்டிருந்த என் மச்சினன் தலை சார் அது. பறவை தானா வந்து உட்கார்ந்துச்சு. நான் ஓரத்தை வெட்டினேன், அவ்வளவுதான். எதையும் ஒட்டலை.”

நடுவர் விழுந்து விழுந்து சிரித்தார். “வெட்டலாம், தப்பில்லை. பரிசு உங்களுக்குத்தான். ஆனா கண்காட்சியில முழுப் படத்தைத்தான் மாட்டுவோம்.”

விஷயம் தெரிந்து மச்சினன் பதறியடித்து ஓடிவந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று பயந்தேன்.

“அத்தான், ஊரே பார்க்கப்போகுது. பறவை காலுக்குக் கீழே கொஞ்சம் முடி மட்டும் வச்சு விடுங்களேன்!”