பிறத்தியாரின் பஞ்சம்

தில்லையம்பலம் குனிந்து சவப்பெட்டியின் அடிப்பலகையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு விரல்முட்டியால் தட்டினார். பெட்டி விற்கும் பிரெஞ்சுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னப்பா செய்யிறியள்?” என்றாள் மனைவி சாரதாதேவி.

“அடி பலமோ எண்டு பாக்கிறன்.”

“எரிக்கிற பெட்டிதானே...” என்று தொடங்கியவள் சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர்களுடைய ஒரே மகள் அஜந்தா, சென் தெனிப் பல்கலைக்கழகத்தில் அயர்லாந்து வரலாறு படிப்பித்தவள். பஞ்சம், குத்தகை, கப்பலேறிப் போன சனம் என்று தடித்த ஆராய்ச்சிப் புத்தகங்கள் அவளுடைய அறையை அடைத்துக்கொண்டு கிடந்தன. சில அவளே எழுதியவை. லா ஷப்பல் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த தில்லையம்பலம் அவற்றில் ஒன்றையும் திறந்ததில்லை.

“எங்கடை சனம் செத்தது காணாதே? வெள்ளைக்காரன்ரை சாவை ஏன் கிளறுறாய்?” என்று ஒருமுறை சண்டை பிடித்தார்.

“அங்கை கேட்டால் பதில் கிடக்கு, அப்பா. இஞ்சை ஆரிட்டைக் கேக்கிறது?”

அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் அவளால் புத்தகத்தைத் தூக்க முடியவில்லை. புற்றுநோய் எலும்புவரை இறங்கியிருந்தது. “நீங்கள் வாசியுங்கோ” என்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி வாசித்தார். பஞ்சத்தில் ஆளுக்கொரு பெட்டி செய்ய வழியில்லை. அடிப்பலகைக்குக் கீல் பூட்டிய ஒரே பெட்டியில் பிணங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோவார்கள். குழிக்கு மேலே பிடித்துக் கொக்கியைத் தட்டினால் உடல் கீழே விழும். வெறும் பெட்டி அடுத்த வீட்டுக்குப் போகும்.

அவர் நிறுத்தினார்.

“சித்தப்பாவை எங்கை தாட்டவை, அப்பா?”

ஊரில் போரின் கடைசிச் சண்டையில் செல் குண்டு பட்டுச் செத்த அவருடைய தம்பி. வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. வன்னியில் இருக்கும் தம்பி பெண்சாதி அருள்மலரிடம் தில்லையம்பலம் சுகம் விசாரிப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். இதை மட்டும் கேட்டதேயில்லை.

“தண்ணி குடிக்கிறியே, பிள்ளை?” என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். ஒரு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. அவள் திரும்பக் கேட்கவும் இல்லை. பின்னேரம் மூச்சு நின்றபோது புத்தகம் அவர் மடியில் விரிந்தபடியே கிடந்தது.

“இதையே எடுப்பமே?” என்று சவப்பெட்டியைத் தொட்டபடி சாரதாதேவி கேட்டாள்.

“ஓம்.”

அவளை உள்ளே இருத்திவிட்டு வெளியே வந்தார். மெட்ரோப் பாலத்தின் கீழ் நின்று போனை எடுத்தார்.

“மலர், அத்தான் கதைக்கிறன்.”

“செய்தி கேட்டனான், அத்தான். பிள்ளையை நினைக்க...”

“தம்பியை எங்கை விட்டிட்டு வந்தனீங்கள்?”

“பொறுங்கோ, அத்தான், பிள்ளையள் பக்கத்திலை நிக்கினம்.”

 தலைக்கு மேலே மெட்ரோ அதிர்ந்துகொண்டு போனது. அவர் மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டார்.

அங்கே, வன்னியில், ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்படுவது கேட்டது.