எருமை மீட்ட தங்கவேல்

செத்துப்போன என் எருமை லட்சுமியின் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

1983 சித்திரை, பட்டப்பகல். கரையான்சாவடி குளத்தங்கரையில் லட்சுமியின் கயிற்றை இருவர் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் அம்பத்தூரில் லேத் ஓட்டிய தங்கவேல். மற்றவன் மாங்காட்டுப் பால்காரன் கோதண்டம். ஒருவன் திருட வந்தவன், மற்றவன் தடுக்க வந்தவன். தங்கவேலின் அரிவாள் கோதண்டத்தின் இடது காதை எடுத்தது. கோதண்டத்தின் கத்தி தங்கவேலின் வயிற்றைக் கிழித்தது. தங்கவேல் சரிந்த குடலைத் துண்டால் கட்டிக்கொண்டு மேலும் அரைமணி நேரம் வெட்டினான். நடுவில் ஒரு பீடி கேட்டான், கொடுத்தேன். புகை வயிற்றின் வழியாக வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் செத்தான்.

கோதண்டம் ஜெயிலுக்குப் போனான். வழக்கில் என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

தங்கவேலின் பெண்டாட்டி அங்கம்மா அவன் விழுந்த இடத்தில் ஒரு கல் நட்டாள். முதல் வருஷ உடுக்கைப் பாட்டில் தங்கவேல் ஒரு திருடனோடு மோதினான். மூன்றாம் வருஷம் ஏழு பேர். அதன்பின் எருமை பசுக்கூட்டமானது, பசுக்கள் கன்னிப்பெண்கள் ஆனார்கள், கோதண்டத்துக்குக் கோரைப்பல் முளைத்தது. ஆடி மாதம் அவனை வைக்கோலில் செய்து, பலகையில் கிடத்தி, அங்கம்மா கையாலேயே தலையைச் சீவுவார்கள்.

பத்தாம் வருஷம் அவள் அரிவாளை ஓங்கியபோது, விடுதலையான கோதண்டமே ஒற்றைக் காதோடு வந்து நின்றான்.

"இன்னா அங்கம்மா, வருஷா வருஷம் என்னிய வெட்றியாமே. எம் பொண்ணு ராணிய பாக்க வர்றவன்லாம் ராட்சசன் ஊடான்னு கேட்டுட்டு ஓடிப்பூட்றான். உம் புருஷன்தான் எருமைய திருட வந்தான். நான் தடுத்தேன்."

"சாமிய திருடன்னு சொன்னா நாக்கு அழுகிப்பூடும்."

"காதே பூட்ச்சி. நாக்கும் போவட்டும்."

உடுக்கைக்காரன் மணவாளன் முதல் அடி போட்டான். பொங்கல் பானை உடைந்தது, கூடவே மூன்று மண்டைகளும். கோதண்டத்தின் பற்கள் பொங்கலில் முந்திரியோடு கலந்தன. பொம்மையைத் தள்ளிவிட்டு அதே பலகையில் அவன் கழுத்தை அழுத்தினார்கள். அவன் கண் என்னைத் தேடிப் பிடித்தது.

"அண்ணாத்தே, உன் எருமதானே. யாரு திருடன்னு நீயே சொல்லு. எம் பொண்ணு வாழணும்."

அங்கம்மா அரிவாளோடு திரும்பினாள். அவள் கண்ணும் கெஞ்சியது.

"ரெண்டு பேரும் திருடனில்ல. எருமைக்குள்ள அசுரன் பூந்துகினான். ரெண்டு பேரும் சேந்து அத்த அடக்கசொல்ல கத்தி தவறி பட்டுட்ச்சி" என்றேன்.

அங்கம்மா அரிவாளைத் தாழ்த்தினாள்.

"அப்போ இவனுக்கும் கல்லு நடணுமா?"

"நான் இன்னும் சாவலியே" என்றான் கோதண்டம், பலகையிலிருந்தபடியே.

"காதுக்கு நட்டுக்கலாம்."

நட்டார்கள். காதுவலிக்காரர்கள் இப்போது அந்தக் கல்லுக்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள். ராணிக்கு வேப்பம்பட்டில் நல்ல இடம் அமைந்தது. ஆடிக்கு ஆடி வைக்கோல் எருமையின் தலையைச் சீவுகிறார்கள். முதல் வெட்டு கோதண்டத்துடையது.

நான் எருமை வளர்த்ததே இல்லை.