பொன்னியம்மாள் கழுவிய கால்

ஏகநாதன் கீரை பயிரிடுகிறார் என்று சொன்னால் படப்பையில் அவர் தெருவே சிரிக்கும். கீரைக்கும் அவருக்கும் உள்ள உறவு சாப்பாட்டுத் தட்டோடு சரி. அரை ஏக்கரில் பாத்தி கட்டி, விதை தூவி, களை பறித்து, கண்டக்டர் திட்டத் திட்டக் கூடையை பஸ்ஸில் ஏற்றித் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் விற்பதெல்லாம் அவர் பெண்டாட்டி பொன்னியம்மாள். போலீஸ் விரட்டினால் கட்டுகளை அள்ளிக்கொண்டு ஓடுவதும் அவள்தான். பட்டாவில் மட்டும் ஏகநாதன்.

தொண்ணூற்றொன்பதில், தாம்பரம் பக்கம் புதுச் சந்தை வருகிறது என்றார்கள். கூரை போட்ட கடை. விரட்ட ஆளில்லை. நிலத்துக்கு ஒரு அட்டை, அதில் போட்டோ இருக்கிறவர்தான் உள்ளே உட்காரலாம். பட்டா யார் பேரில் இருந்தாலும் பாடுபடுகிறவருக்கே அட்டை, அதில் பெண்கள் எத்தனை பேர் என்று தனிக் கணக்கு வேறு எடுக்க வேண்டுமாம். பொன்னியம்மாளுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

ஆபீசர் பக்தவச்சலம் நேரில் பார்க்க வருகிற அன்று எதிர்வீட்டுக் கங்கையம்மாள் சும்மா இருந்தாளா?

"இன்னாடி, ஆபீசரு முன்னால சேத்துக் காலோடயா நிப்பே? போய்க் குளிச்சிட்டு நல்ல பொடவையா கட்டு."

பொன்னியம்மாளுக்கும் அதுதான் மரியாதை என்று பட்டது. மஞ்சள் தேய்த்துக் குளித்தாள். நகக்கண் அழுக்கைக்கூடச் சுரண்டி எடுத்தாள். தங்கச்சி கல்யாணத்துப் புடவை, தலை நிறையப் பூ.

ஏகநாதனோ, காலையில் வெளிக்குப் போன இடத்தில் வரப்பு வழுக்கி விழுந்து, முழங்கால் வரை சேறோடு வந்து நின்றார். கழுவச் சோம்பல்.

"யாருப்பா விவசாயம் பார்க்கிறது?" என்று கேட்டபடியே வந்தார் ஆபீசர்.

"நான்தான் சார்," என்றார் ஏகநாதன். போட்டோ ஆசை.

"சார், கீரை போடறது நானு..."

ஆபீசர் அவள் பாதத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். இப்படிப் பார்த்தே எத்தனையோ பேரின் புளுகைப் பிடித்தவர். "அட்டைக்காகப் பொய் சொல்லாதேம்மா. நீ வயல்ல எறங்குறவளா?"

"யக்கா, நீயாவது சொல்லேன்!" வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரியிடம் கெஞ்சினாள் பொன்னியம்மாள்.

"ஆம்பளைங்க பேசற எடத்துல நான் இன்னாத்தச் சொல்றது?" தெருவில் ஒரு வீட்டு விஷயத்தையும் விட்டுவைக்காத கங்கையம்மாளுக்கு அன்றைக்குப் பார்த்து வெட்கம் வந்துவிட்டது.

ஆபீசர் எழுதினார்: விவசாயி, ஏகநாதன். மனைவி, வீட்டு வேலை. பெண்கள் கட்டத்தில் ஒரு பூஜ்யம்.

சந்தை திறந்த அன்று வாசல்வரை கூடையைச் சுமந்து வந்தவள் பொன்னியம்மாள்தான். காவல்காரர் அட்டை கேட்டார். அவள் வெளியே நின்றாள்.

உள்ளே ஒரு அம்மா கேட்டாள், "இது சிறுகீரையா, முளைக்கீரையா?"

ஏகநாதன் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கம்பி வேலிப் பக்கம் திரும்பிக் கத்தினார், "ஏ பொன்னி, இது இன்னாது?"

"சிறுகீரைங்க! தண்ணி தெளிங்க, வாடிக்கினு கீது."

அதற்குள் அவர் டீ குடிக்க எழுந்துவிட்டார். அவள் கொண்டுவந்திருந்த சொம்புத் தண்ணீரை அள்ளி, கம்பிக்குள் கையை விட்டுத் தெளித்துப் பார்த்தாள். கீரை வரை போகவில்லை.