சாந்தினிக்குப் புரட்டாசி

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. ஈப்போவில் ஒரு மிருக வைத்தியசாலையில், என் பூனையின் காதுக்குச் சொட்டு மருந்து வாங்கக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்து திருடினேன். திருடியது இரண்டே வரி.

“ராஜு, பக்கத்துல உக்காந்திருக்கவங்ககிட்டச் சொல்லு. நம்மது இப்ப சைவ வீடு. புரட்டாசி முடியிற வரைக்கும் யாருக்கும் கவுச்சி கிடையாது.”

“சாந்தினி, நீ அந்தப் பக்கம் சொல்லு. பூனைக்குப் புரட்டாசியும் தெரியாது, ஐப்பசியும் தெரியாதுலா.”

திரும்பிப் பார்த்தேன். ராஜு என்பது நாய். கூண்டுக்குள் இருந்த பூனைதான் சாந்தினி. பேசியவர்கள் ஒரு பெரியவரும் ஓர் இளம்பெண்ணும். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவே இல்லை. (ராஜு என்ற பெயருள்ள வாசகர்கள் மன்னிக்கவும். பெயர் வைத்தது நான் இல்லை.)

எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். முகம், சட்டை, கூரை எல்லாம் பிறகு நானாக ஒட்டவைப்பது. எனவே இதில் வர்ணனை நன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பேச்சு நன்றாக இருந்தால், அதற்கு உரியவர்கள் வேறு யாரோ.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

“ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள்மேல் அந்திச் சூரியன் மெல்ல…”

வேண்டாம். பேராக் மாநிலத்தில் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த மலைகளை ஒருமுறை தொட்டு வைத்துவிட்டோம். மிச்சத்தைக் கல் உடைக்கும் லாரிகள் பார்த்துக்கொள்ளும்.

“மனிதனுக்கும் மிருகத்துக்கும் இடையிலான உறவு என்பது…”

இதை எழுதி முடிப்பதற்குள் எனக்கே தூக்கம் வந்துவிட்டது.

ஈப்போவில் சிலிபின் பகுதியில் ஒரு வீடு. வீட்டில் நான்கு ஜீவன், இரண்டு கட்சி. இது போதும்.

3

முதல் கட்சித் தலைவர் சொக்கநாதன். செட்டிநாட்டிலிருந்து வந்த குடும்பம். ஊர் ஊராகப் போய்ப் பிறர் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கும் ஆடிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி இரண்டு புரட்டாசி ஆகிறது. கட்சியின் ஒரே தொண்டன் ராஜு. வேட்டி கட்டிய கால் எதுவானாலும் அதன் பின்னாலேயே போகும்.

எதிர்க்கட்சி அவருடைய மருமகள் தினேஸ்வரி. பாகான் டத்தோ தென்னந்தோட்டத்துப் பெண். பாலர் பள்ளி ஆசிரியை. கல்யாணமாகி வரும்போது இரண்டு பெட்டியும் ஒரு பூனையும் கொண்டுவந்தாள். அவள் புருஷன் அருண்பிரகாஷ் சிங்கப்பூரில் வேலை. மாதக் கடைசியில் வந்து இரண்டு கட்சியோடும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, எந்தக் கட்சியிலும் சேராமல் பஸ் ஏறிவிடுவான்.

மாமனார் மருமகளிடம் நேராகப் பேசுவது சொக்கநாதன் குடும்பத்தில் வழக்கமில்லை. அவருடைய அப்பா பேசியதில்லை, அப்பாவின் அப்பா பேசியதில்லை. அந்தக் காலத்தில் நடுவில் நின்று சொல்ல வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். இந்த வீட்டில் நாய்தான் இருந்தது.

“ராஜு, தேத்தண்ணியில சீனி கம்மின்னு சொல்லு.”

முதல் நாள் தினேஸ்வரி திகைத்தாள். இரண்டாம் நாளே பழகிவிட்டது. பள்ளியில் கைப்பொம்மையை மாட்டிக்கொண்டு பேசுகிறவளுக்குப் பூனையை மடியில் வைத்துப் பேசத் தெரியாதா?

“சாந்தினி, டாக்டர் சொன்ன அளவுதான் போட்டிருக்குன்னு சொல்லு.”

(சொக்கநாதனை இவ்வளவு முட்டாளாக எழுதலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஆண்களை எல்லாம் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். கொஞ்சம் கூட்டியே எழுதலாம் என்று பட்டது.)

4

புரட்டாசி பிறந்த அன்று காலையில் சொக்கநாதன் இரண்டு கிண்ணத்தில் தயிர்சாதம் போட்டார். ஒரே அளவு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தவர். பாரபட்சம் அவருக்குப் பிடிக்காது.

“ராஜு, இனிமே மீன் டின்னைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லு. வீடுன்னா எல்லாருக்கும் ஒரே சட்டம்.”

ராஜு தன் கிண்ணத்தை நக்கி முடித்துவிட்டது. சாந்தினி குனிந்து முகர்ந்தது. பிறகு முன்னங்காலால் தரையைச் சுரண்டிச் சுரண்டி, இல்லாத மண்ணை அள்ளி அந்தத் தயிர்சாதத்தின் மேல் தள்ளியது.

“என்ன பண்ணுதாம் அது?”

“சாந்தினி, நீ வழக்கமா எதை இப்படி மூடுவேன்னு அவங்களுக்கே தெரியும்லா.”

சொக்கநாதன் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். ராஜு அந்தக் கிண்ணத்தையும் முடித்தது.

சட்டம் அமலான வாரத்திலேயே சாந்தினியின் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. தினேஸ்வரி பள்ளியிலிருந்து வரும்போது கைப்பையில் மீன் டின் கொண்டுவந்து, பின்கட்டில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்துத் திறந்தாள். வீட்டில் யார் மூக்கை ஏமாற்றினாலும் ராஜுவின் மூக்கை ஏமாற்ற முடியுமா? அவள் கை கழுவித் திரும்புவதற்குள் டின் காலி. பூனை மெஷின் மேல் ஏறி நின்று, தன் சாப்பாடு இன்னொருவன் வாய்க்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆக, ராஜுவின் விரத உணவு இதுதான்: தன் தயிர்சாதம், பூனையின் தயிர்சாதம், பூனையின் திருட்டு டின்.*

“பாத்தியா ராஜு! ஒரு மாசம் சுத்தமா இருந்தா உடம்பு எப்படித் தேறுது!”

* பூனைச் சாப்பாட்டில் கொழுப்பும் புரதமும் அதிகம். நாய்க்கு அது தினசரி கல்யாண விருந்து. நாய்ச் சாப்பாடு பூனைக்குப் போதாது. ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் பூனைக்கு உயரத்தில் வையுங்கள், நேரம் பார்த்து வையுங்கள், முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். இதைக் கதைக்குள் சொல்ல இடம் கிடைக்கவில்லை. வந்த விருந்தாளியின் கையில் பலகாரப் பொட்டலத்தைத் திணிப்பதுபோல இங்கே திணிக்கிறேன்.

5

புரட்டாசியில் ராஜுவுக்கு ஒரு குறைதான். பசார் இறைச்சிக் கடையிலிருந்து வரும் எலும்பு நின்றுபோனது. கடிக்க ஒன்றுமில்லாமல் அது செருப்பைக் கடித்தது, கதவுக் கட்டையைக் கடித்தது, அருண்பிரகாஷ் மாதம் ஒருமுறை காலில் போடும் சப்பாத்தையும் கடித்தது.

சொக்கநாதன் தானே போய் நாய்ச் சாமான் கடையில் ஒன்று வாங்கிவந்தார். இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்ட வெள்ளை எலும்பு. எலும்பு மாதிரி உருவம், ஆனால் எலும்பு இல்லை. மேலே ‘இயற்கையானது’ என்று போட்டிருந்ததாம். பாம்பு விஷமும் இயற்கையானதுதான். அதை அவரிடம் யார் சொல்வது?

“ராஜு, இதப் பாரு. மாவுல முறுக்கிச் செஞ்ச மாதிரி இல்ல? சுத்த சைவம்.”

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் சாமி மேடைக்கு முன் உட்கார்ந்து துளசி போட, ராஜு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் படுத்து அந்த வெள்ளை எலும்பை உருட்டி உருட்டிக் கடித்தது. பக்திமானான நாய் என்று அக்கம்பக்கத்தில் பேரே கிடைத்துவிட்டது.

காலி டின் ஒரு சனிக்கிழமை அகப்பட்டது. கணக்காய்வாளர் வாஷிங் மெஷினை நகர்த்திப் பார்த்துவிட்டார்.

“ராஜு, சொல்லிடு. வர்ற சனி கடைசிச் சனி. அதுக்குள்ள அந்தப் பூனை பாகான் டத்தோவுக்குப் போயிடணும். இந்த வீட்டு நெறிக்கு ஒத்து வராதது இங்க இருக்கக் கூடாது.”

தினேஸ்வரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“சாந்தினி, ஒரு கூண்டு மட்டும் போதுமா, ரெண்டு பெட்டியும் சேத்து எடுக்கணுமான்னு கேளு.”

அவருக்கு அது விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கியிருக்கும். அன்றிரவு சிங்கப்பூருக்குப் போன் போட்டவள், “நான் வெளையாட்டுக்குச் சொல்லல. பூனை போனா நானும் போறேன்,” என்றாள்.

“நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்களேன்,” என்றான் அருண்பிரகாஷ்.

“எந்த மொழியிலங்க பேசுறது? குலைச்சா, கத்தியா?”

6

(இங்கே ஒரு பத்தி எழுதி அடித்தேன். அதில் செத்துப்போன மாமியார் வந்தார். இறந்த மனைவியைக் கொண்டுவந்தால் வாசகர் கண்ணைத் துடைப்பார், சொக்கநாதன் தப்பித்துவிடுவார். எழுத்தாளர்களின் மலிவான உத்தி இது.

ஆனாலும் மாமியார் போக மாட்டேன் என்கிறார். சிவன் கோயில் குடும்பத்தில் பெருமாளுக்குப் புரட்டாசி பிடித்தது அந்த அம்மாள்தான். அவர் இருந்தவரை சொக்கநாதன் புரட்டாசிச் சனிக்கிழமை மதியங்களில் கடைக்குப் போய் மீன் தலைக்கறி சாப்பிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவார். அந்த அம்மாளுக்குத் தெரியும், கேட்டதில்லை. அவர் போன பிறகுதான் இவருக்கு விரதம் இவ்வளவு கெட்டியானது. தினேஸ்வரிக்கு இது அருண்பிரகாஷ் சொல்லித் தெரியும். இதை வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் தொல்லை கொடுக்கப்போவது இதுதான்.)

7

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. ராஜு கூடத்தில் நின்றபடி வாயைப் பிளந்தது. சத்தம் வரவில்லை.

“ராஜு! ராஜு, என்னடா? ராஜு, சொல்லு…” சொக்கநாதனுக்கு யாரிடம் பேசுவதென்று தெரியவில்லை. நடுவில் நின்று சொல்கிறவனுக்கே மூச்சு அடைத்துவிட்டது.

தினேஸ்வரி ஓடிவந்து நாயைக் காலுக்கிடையில் இடுக்கி, தாடையை விரித்து, இரண்டு விரலை உள்ளே விட்டாள். கொழகொழவென்று ஊறிப்போன வெள்ளைத் துண்டு வந்தது. ராஜு இருமியது, வாந்தி எடுத்தது, வாலை ஆட்டியது.

அவள் கையிலிருந்ததை முகர்ந்தாள். அந்த வாடை அவளுக்குத் தெரியும். அவள் அண்ணன் பாகான் டத்தோவில் உறுமி மேளக் குழு வைத்திருக்கிறான். மழையில் மேளம் நனைந்தால் வீடு முழுக்க இந்த வாடைதான் அடிக்கும்.

மாட்டுத்தோல்.

மாட்டிறைச்சி வாசல் தாண்டாத வீடு. கடைசிச் சனிக்கு ஆறு நாள் மிச்சம். துளசி, பெருமாள் படம், பக்திமானான நாய். பூனைக்கு ஒரு துண்டு மீன் போட்டது நெறி தவறியதாம்!

அவளுக்குச் சிரிப்பு வந்தது. துண்டைத் தாளில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பெட்டியை விடக் கனமான சாமான் அது.

“சாந்தினி, கிளம்பு. ரெண்டு பேரையும் டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துடலாம்.”

8

நான் பார்த்த இடத்துக்கு வந்துவிட்டோம். அந்த இரண்டு வரியைப் பேசிவிட்டு உள்ளே போனார்கள். கதவை யாரும் சாத்தவில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் நான் மரியாதையாகக் கண்ணை மூடிக்கொள்வேன். காதுக்கு இமை கிடையாது.

டாக்டர் சுவர்ணாவின் குரல் முதலில் வந்தது. “அங்கிள், இந்தப் பூனைக்கு என்ன குடுக்குறீங்க?”

“தயிர்சாதம்.”

“பூனைக்கா?”

“வீட்டுல விரதம் டாக்டர். சைவப் பூனைன்னு கிடையாதா?”

“இருக்கு. சோபா மேல வைக்கிற பொம்மை. உயிருள்ளதுக்கு இறைச்சி, மீன் வேணும் அங்கிள். இப்படியே விட்டா கண்ணு போகும், இதயம் போகும்.”

கூண்டு மூடும் சத்தம். மேசைமேல் நாய் நகம் கீறியது.

“இவரு யாரு, ராஜுவா? ராஜு ரெண்டு நாய் எடை இருக்காரு. தொண்டையில என்ன சிக்கிச்சு?”

“கடிக்கக் குடுத்தது.”

“கடிக்கக் குடுங்க, நல்லதுதான். பல்லு சுத்தமாகும், செருப்பு மிஞ்சும். ஆனா நகத்தால அழுத்தினா தடம் விழணும். விழலன்னா பல்லு உடையும். வாயை விடப் பெருசா இருக்கணும். சின்னதானதும் பிடுங்கிடணும். சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் காய வச்சுக் குடுங்க, போதும். இது எதுல செஞ்சது?”

9

முடிவுகள்.

தினேஸ்வரி பையைத் திறந்து தாளை மேசைமேல் வைக்கிறாள். “மாட்டுத்தோல் டாக்டர். ஒவ்வொரு சனிக்கிழமையும் சாமி முன்னாடி.” பூனை ஜெயிக்கிறது. சொக்கநாதன் அதற்குப் பிறகு சாமி மேடைப் பக்கம் போவதேயில்லை. இரண்டு வருஷமாக மனைவிக்காக அவர் சரியாகச் செய்துவந்தது அந்த ஒன்றுதான். இந்த முடிவு கைதட்டல் வாங்கும். எழுதிப் பார்த்தேன், அவர் எந்தப் பக்கம் போனாலும்…

இல்லை, இது வேண்டாம்.

அல்லது அவள் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமைக்கு முன்னால் கூண்டும் இரண்டு பெட்டியும் பாகான் டத்தோவுக்குத் தெலுக் இந்தான் சாலையில் போகின்றன. ராஜு கேட்டுக்குள் நின்று பார்க்கிறது. வீட்டில் இனி ராஜு மூலம் சொல்லியனுப்ப ஆளில்லை. இதைப் படித்தால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

அல்லது டாக்டரே கண்டுபிடிக்கட்டும். சோம்பேறித்தனம்.

இந்த மூன்றும் நான் எழுதியவை. திருடியது இரண்டு வரி என்றேன் அல்லவா? டாக்டர் பேச்சைக் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்றாவது வரி ஒன்றும் இருக்கிறது. உள்ளேயிருந்து கேட்டது. நாய் பெயரும் அதில் இல்லை, பூனை பெயரும் இல்லை.

“ஏம்மா, தினேஸ்வரி. நீதானே அதை வெளிய எடுத்தே. அது என்னம்மா?”

கண்ணைத் திறந்துவிட்டேன். கதவிடுக்கில் அவர் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மடியில் கைப்பை. ஜிப் மேல் விரல். ராஜு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. வேலை போய்விட்டது என்று அதற்கு முதலில் புரிந்துவிட்டது போலும். கூண்டுக்குள் சாந்தினி, சனிக்கிழமையைப் பற்றி ஒன்றும் தெரியாமல், தன் காலை நக்கிக்கொண்டிருந்தது.

அப்போது பார்த்துத் தாதி என் பெயரைக் கூப்பிட்டாள், சொட்டு மருந்தை நீட்டிக்கொண்டு. ஆகவே அவளுடைய பதிலில் பாதிதான் என்னிடம் இருக்கிறது. மீதியை நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் கேட்ட மாதிரியே, நேராகச் சொல்லுங்கள்.

“மாமா, அது வந்து…”